தாளிசபத்திரியின் ஊர்

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடை உண்டு. சுவர் முழுவதும் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளைப் பெயிண்டில் சரக்கின் பெயர். சிறு வயதில் எனக்கு இருமல் கண்டால் போதும், தாளிசாதி சூரணம் வாங்கி வரச் சொல்லிப் பாட்டி அங்கே விரட்டிவிடுவாள். செட்டியார் நிறுத்துப் பொட்டலம் கட்டுகிற வரையில் அந்தப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு நிற்பேன். தாளிசபத்திரி, கடுகுரோகிணி, அதிவிடயம், சடாமாஞ்சில், கோஷ்டம், தேவதாரம். ஏதோ இலங்கேசுவரனுடைய படைத் தலைவர்களின் பெயர்கள் மாதிரி இருக்கும்.

"இதெல்லாம் எங்கே விளையுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வடக்கே" என்றார் செட்டியார். அந்த ஒரு சொல்லோடு அவருடைய பூகோளம் முடிந்துவிட்டது. அவருக்குச் சரக்கு அனுப்புகிற மொத்த வியாபாரிக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த 'வடக்கே' என்பது எங்கே என்று பார்க்க எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. ஹிமாசலப் பிரதேசத்தில் குலு ஜில்லா. அதில் பஞ்சார் என்ற சிற்றூர். அங்கிருந்து தீர்த்தன் நதியோடு மேலே போனால் குஷைனி. பஸ் அதோடு சரி. பிறகு அரை நாள் நடந்தால் ரோலா என்ற இடம். மஹா ஹிமாலய தேசியப் பூங்காவின் எல்லை அங்கேதான் ஆரம்பம். ஐப்பசி மாதம். என்னோடு வந்த வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய மலைக்காரர். என்னை "பாபுஜி" என்றார். நான் அவரை "பாய் சாகிப்" என்றேன். என் ஹிந்தியைக் கேட்டு அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

ஊசியிலைக் காடு என்றால் என் மனசில் இருந்தது காலண்டர் படம். ஒரே உயரம், ஒரே ஜாதி மரங்கள், பள்ளிக்கூடப் பையன்கள் டிரில்லுக்கு நிற்பதுபோல் அணிவகுத்திருக்கும். போய்ப் பார்த்தால் நிஜம் வேறாக இருந்தது. ஆற்றங்கரையில் வாதுமையும் காட்டுக் கஷ்கொட்டையும். சற்று ஏறினால் தேவதாருவும், 'கைல்' என்று அவர்கள் சொல்லும் நீலப் பைனும். குளிர்ந்த மடிப்புகளில் 'ராய்' என்ற ஸ்ப்ரூஸ். அதற்கும் மேலே, ஏறக்குறைய 10,000 அடி உயரத்தில், 'தோஷ்' என்ற ஃபிர் மரமும் 'கர்சு' ஓக்கும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் காலடியில் விரல் பருமனுள்ள மலை மூங்கில் புதர்கள். இன்னும் மேலே காடு ஓய்ந்து போகிற எல்லையில் பூர்ஜ மரங்கள். இந்தப் பட்டையில்தான் வித்தியாதரப் பெண்கள் காதல் கடிதம் எழுதியதாகக் காளிதாசன் குமாரசம்பவத்தில் சொல்கிறான்.

இத்தனைக்கும் காரணம் மலையின் அமைப்பு. ஒரே சரிவு ஆற்றங்கரையிலிருந்து பனிமுடி வரைக்கும் போகிறது. ஆயிரம் அடி ஏறினால் ஊர் மாறின மாதிரி சீதோஷ்ணம் மாறிவிடுகிறது. போதாததற்கு, ஒரே மலையின் வெயில் முகத்தில் ஒரு காடு, நிழல் முகத்தில் இன்னொரு காடு. கோடையில் தென்மேற்குப் பருவமழை கிழக்கேயிருந்து வந்து நனைக்கிறது; குளிர்காலத்தில் மேற்கேயிருந்து வரும் மேகம் பனியாகக் கொட்டுகிறது. இரண்டு வானங்களுக்கு இடையில் கிடக்கிற பூமி. 2014ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக்கொண்டபோது கொடுத்த கணக்கு இது: 25 வகைக் காடுகள், 805 வகைச் செடி கொடி மரங்கள், 192 வகை மரப்பாசிகள், 209 வகைப் பறவைகள், 31 வகைப் பாலூட்டிகள். பூக்கும் தாவரங்களில் நூற்றுக்கு 58 மேற்கு இமயத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது.

மரப்பாசி என்றதும் அலட்சியமாக நினைத்துவிட வேண்டாம். ஓக் மரத்தின் பட்டையில் சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிய்த்து முகர்ந்து பார்த்தேன். செட்டிநாட்டுக் குழம்பின் வாசனை! கல்பாசி! கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சற்றுத் தூரம் போனதும் வழிகாட்டி ஃபிர் மரத்தின் தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு கொத்தை ஒடித்து என் கையில் கொடுத்தார். தட்டையான ஊசியிலை. மேலே கரும் பச்சை. திருப்பினால் அடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள். கசக்கியதும் எனக்குப் பாட்டி நினைவு வந்தது. கடையில் பழுப்பாகச் சருகாய் வருகிற தாளிசபத்திரியை அதன் வீட்டில் உயிரோடு சந்தித்தேன். பத்து அடி தள்ளி நிழலில் இன்னொரு மரம். இலை கிட்டத்தட்ட அப்படியே, ஆனால் சிவப்புக் குன்றிமணி போலப் பழங்கள். 'ரகால்' என்றார் அவர். இங்கிலீஷில் யூ. வடக்கே பல ஊர்களில் இதன் இலையைத்தான் தாளிசபத்திரி என்று விற்கிறார்கள். ஃபிர்தான் அசல் என்று வாதாடுகிற வைத்தியர்களும், யூதான் அசல் என்கிற வைத்தியர்களும் உண்டு. அந்தச் சண்டையில் நான் தலையிடப் போவதில்லை.

இந்தச் சரக்குகள் தெற்கே வருவது இன்று நேற்று ஆரம்பித்த வியாபாரம் இல்லை. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில், சேர நாட்டு முசிறித் துறையில் கங்கைச் சடாமாஞ்சில் கிடைக்கும் என்று இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபிரஸ் ஓலை ஒன்று வியன்னாவில் இருக்கிறது. முசிறியிலிருந்து எகிப்துக்குப் போன 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலின் சரக்குக் கணக்கு அது. அதில் 60 பெட்டி சடாமாஞ்சில். பனிக்கு அடியில் விளைந்த வேர், இந்தியா முழுவதையும் குறுக்கே கடந்து, சேரன் துறைமுகத்தில் கப்பலேறி, ரோமாபுரிச் சீமாட்டிகளின் கூந்தலுக்குத் தைலமாகப் போயிருக்கிறது. அந்தப் பழைய வியாபாரத்துக்கு இந்தக் காடு ஒரு நூறு இழுப்பறை உள்ள பெட்டியாக இருந்தது. இலை ஒன்று, வேர் ஒன்று, பட்டை ஒன்று, கஸ்தூரி ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி விலை.

1850களுக்குப் பிறகு அந்தக் காட்டுக்கு ஒரே பெயர், ஒரே விலை என்று ஆயிற்று.

1853ல் பம்பாயிலிருந்து தாணாவுக்கும், 1856ல் ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் இரும்பு, அது சீமையிலிருந்து வந்துவிடும். அதைத் தாங்குகிற ஸ்லீப்பர் கட்டை? மைல் ஒன்றுக்கு 1,760 முதல் 2,000 கட்டைகள் வேண்டும். அகல ரயில் பாதைக்கு ஒரு கட்டை 9 அடி நீளம், 10 அங்குல அகலம், 5 அங்குல கனம். வெயிலிலும் மழையிலும் கரையானிலும் கிடந்து பன்னிரண்டு பதினான்கு வருஷத்தில் உளுத்துவிடும்; மறுபடி மாற்ற வேண்டும். மருந்து எதுவும் ஏற்றாமல் அந்தப் பாடுபடக்கூடிய மரங்கள் இந்தியாவில் மூன்றுதான் என்று தீர்மானித்தார்கள்: தேக்கு, சால், தேவதாரு. சென்னை ராஜதானியில் மட்டும் 1850களில் வருஷத்துக்கு 35,000 மரங்கள் இதற்காக விழுந்தன.

இங்கேதான் ஹ்யூ கிளெக்ஹார்ன் என்ற மனிதர் வருகிறார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவரும், என்னை மிகவும் சங்கடப்படுத்துகிறவரும் அவர்தான். 1820ல் சென்னையிலேயே பிறந்தவர். ஸ்காட்லாந்தில் வைத்தியம் படித்துவிட்டு 1842ல் கம்பெனி உத்தியோகத்தில் டாக்டராகத் திரும்பி வந்தார். மைசூர்ச் சீமையில் ஷிமோகாவில் இருந்த நாட்களில் நாளைக்கு ஒரு செடி என்ற கணக்கில் எடுத்துப் படித்து, உள்ளூர்ச் சித்திரக்காரரைக் கொண்டு வரையவும் செய்தார். அவர் சேர்த்த சித்திரங்கள் எடின்பரோ தாவரத் தோட்டத்தில் இன்றும் இருக்கின்றன. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவர சாஸ்திரத்துக்கும் மருந்துச் சரக்குகளுக்கும் ஆசிரியர். சுருக்கமாகச் சொன்னால், எங்கள் ஊர்ச் செட்டியாரின் இழுப்பறைகளை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கக்கூடிய வெள்ளைக்காரர். காடு அழிந்தால் மழையும் தண்ணீரும் என்ன ஆகும் என்று 1851லேயே அறிக்கை எழுதிய குழுவில் முக்கியமானவர். 1856ல் சென்னை ராஜதானிக்கு வனப் பாதுகாவலராக நியமித்தார்கள்.

அவரைத்தான் 1861ல் பஞ்சாபுக்கு வரவழைத்தார்கள். அங்கே ரயில் போட வேண்டும். தேவதாரு எவ்வளவு இருக்கிறது, எப்படிக் கொண்டுவருவது என்று பார்க்க வேண்டும். சட்லஜ், பியாஸ், ராவி, செனாப் நதிகளின் மேல் பள்ளத்தாக்குகளில் அலைந்து, 1864ல் ரூர்க்கியில் அச்சான பெரிய அறிக்கை ஒன்றைக் கொடுத்தார். கண்டபடி வெட்டுவதை நிறுத்த வேண்டும், கன்றுகளைக் காக்க வேண்டும் என்று அதில் வாதாடியிருக்கிறார். அதையெல்லாம் மறுக்க முடியாது. ஆனால் நாளைக்கு ஒரு செடி படித்த மனுஷரை சர்க்கார் கேட்ட கேள்வி ஒரே மரத்தைப் பற்றியது. கேள்வி எப்படியோ பதிலும் அப்படித்தானே இருக்கும்? அந்த அறிக்கையைப் புரட்டும்போது, பெரிய சங்கீத வித்துவானைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் பாடச் சொன்ன மாதிரி எனக்கு இருந்தது.

அவர் கண்டது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கொள்ளை. கட்வாலில் பாகீரதிக் கரையில் ஹர்சில் என்ற ஊரில் வில்சன் என்ற ஆங்கிலேயர் குடியேறியிருந்தார். 'பஹாடி வில்சன்' என்றால் இன்றும் அங்கே தெரியும். உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர், ஆப்பிள் வைத்தவர், சொந்தமாக நாணயம்கூட அடித்தவர். நாவலுக்கு வேண்டிய எல்லாம் அவரிடம் இருக்கிறது. இன்னொரு சமயம் எழுதுகிறேன். 1850ல் டெஹ்ரி ராஜாவிடமிருந்து காடுகளை வருஷத்துக்கு 400 ரூபாய்க்குக் குத்தகை எடுத்தார் அவர். வெட்டிய தேவதாருவை ஆற்றில் தள்ளிவிட்டால் கங்கையே சமவெளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், கூலி கிடையாது. லாபத்தைக் கண்ட சர்க்கார் 1860களின் நடுவில் அதே காடுகளைத் தானே இருபது வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது, வருஷத்துக்கு 10,000 ரூபாய். 1869 முதல் 1885 வரைக்கும் யமுனைப் பள்ளத்தாக்குக் காடுகளிலிருந்து மட்டும் போன தேவதாரு ஸ்லீப்பர்கள் 65 லட்சம்.

ரகுவம்சத்தில் ஒரு இடம் உண்டு. பார்வதி பிள்ளைபோல வளர்த்த தேவதாரு ஒன்றில் காட்டு யானை கன்னத்தைத் தேய்த்துப் பட்டை உரிந்துபோகிறது. அம்மை கண் கலங்க, சிவபெருமான் அந்த ஒரு மரத்துக்குக் காவலாக ஒரு சிங்கத்தையே வைத்துவிடுகிறார். 1864ல் வனத்துறை ஏற்பட்டது; பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் முதல் தலைமை அதிகாரி. அவரும் தேவதாருவுக்குக் காவல்தான் போட்டார். எதற்காகக் காவல் என்பதில்தான் வித்தியாசம்.

அந்த அதிகாரிகளைச் செடி கொடி தெரியாதவர்கள் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. பஞ்சாபின் வனப் பாதுகாவலராக இருந்த டாக்டர் ஸ்டூவர்ட் 1869ல் 'பஞ்சாப் தாவரங்கள்' என்று ஒரு புஸ்தகம் போட்டார். எந்தச் செடிக்கு எந்தப் பள்ளத்தாக்கில் என்ன பெயர், எதைத் தின்பார்கள், எதை மருந்துக்கு அரைப்பார்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அவர் ஆரம்பித்து முடிக்காமல் இறந்துபோன இன்னொரு பெரிய நூலை பிராண்டிஸ் முடித்து 1874ல் வெளியிட்டார். ராத்திரியில் பெயர்களை எழுதினார்கள். பகலில் கட்டைகளை எண்ணினார்கள். சம்பளம் பகல் வேலைக்குத்தான்.

அந்தக் கணக்கில் ஓக் மரம் 'தாழ்ந்த ஜாதி'. அது ஸ்லீப்பருக்கு உதவாது, கோணலாக வளரும். ஆனால் மலைக்காரருக்கு அதுதான் எல்லாம். பனிக்காலத்தில் மாட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு, வயலுக்கு எரு. அதன் சருகு மெத்தை மழையைக் குடித்துவைத்துக்கொண்டு கோடையில் ஊற்றாக விடும். குமாவுன் மலைகளில் ரெஸினுக்கும் டர்ப்பன்டைனுக்கும் லாபம் என்று வனத்துறை 'சீர்' பைனை வளர்த்தது. அதன் ஊசிச் சருகை மாடு முகராது. கோடையில் வெடிமருந்து மாதிரி பற்றிக்கொள்ளும். 1911க்குப் பிறகு காடுகளைச் சர்க்கார் வளைத்துக்கொண்டே போக, 1921 கோடையில் ஜனங்கள் நெருப்பு வைத்தார்கள். இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. ஆனால் எரிந்தது பெரும்பாலும் சர்க்காரின் பைன் காடு. ஓக் காடுகளைத் தொடவில்லை என்று சரித்திர ஆசிரியர் ராமசந்திர குஹா எடுத்துக்காட்டுகிறார். ஆத்திரத்திலும் மரத்துக்கு மரம் பேதம் தெரிந்திருக்கிறது.

1973ல் நடந்ததும் அதன் தொடர்ச்சிதான். சமோலி ஜில்லாவில் மண்டல் என்ற கிராமத்தார், ஏரும் நுகத்தடியும் செய்ய ஆஷ் மரம் கேட்டார்கள். கிடையாது என்று விட்டார்கள். பிற்பாடு அதே மரங்கள் டென்னிஸ் மட்டை செய்ய ஒரு விளையாட்டுச் சாமான் கம்பெனிக்குக் கிடைத்தன. மரத்தைக் கட்டிக்கொள்ளும் சிப்கோ அங்கே பிறந்தது. அடுத்த வருஷம் மார்ச் 26ஆம் தேதி ரேணி கிராமத்தில் ஆண்கள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து ஆட்கள் வந்தபோது, கௌரா தேவி பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் வழிமறித்ததை அநேகமாக எல்லோரும் படித்திருப்பார்கள். 1981ல் அந்த மலைகளில் 1,000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டத் தடை வந்தது.

வழிகாட்டி காட்டிய அந்த ரகால் மரத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் அதன் ஒன்றுவிட்ட சகோதரனைக் குப்பை மரம் என்று வெட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். 1962ல் அதன் பட்டையைச் சேகரித்துச் சோதித்தார்கள். 1971ல் வால் என்பவரும் நம் நாட்டில் பிறந்த மன்சுக் வாணியும் அதிலிருந்த டாக்ஸால் என்ற பொருளின் அமைப்பை வெளியிட்டார்கள். 1992ல் அது புற்றுநோய் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. உடனே என்ன ஆயிற்று? இமயத்து ரகாலை மொட்டையடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1995ல் அதன் வியாபாரத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று.

இதை எழுதும்போது என் பேனா சற்றுத் தயங்குகிறது. ரயில்காரனைக் குற்றம் சொல்வது சுலபம். என் பாட்டியின் சூரணம்? அந்த நூறு இழுப்பறைகளும் ஒரு காலத்தில் கைப்பிடி கைப்பிடியாக நிரம்பின. இப்போது மூட்டை மூட்டையாக நிரம்ப வேண்டியிருக்கிறது. சடாமாஞ்சிலும் கடுகுரோகிணியும் 1997 முதல் ரகாலோடு சேர்ந்து கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. கோஷ்டத்தின் நிலைமை இன்னும் மோசம். 1985 முதல், காட்டில் எடுத்த கோஷ்டத்தைத் தேசம் விட்டுத் தேசம் வியாபாரம் செய்யவே கூடாது. வேருக்காகத் தோண்டுகிற செடி, இலைக்காகக் கிள்ளுகிற செடியைப் போல மறுபடி துளிர்ப்பதில்லை.

அன்று சாயங்காலம் ஷில்ட் என்ற இடத்துக் குடிசையில் தீ மூட்டி உட்கார்ந்திருந்தோம். வழிகாட்டி தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். கோடையில் ஆட்டு மந்தையோடு மேலே போவார். இறங்கும்போது முதுகில் 'கரூ', 'பத்தீஷ்' வேர் மூட்டை இருக்கும். கரூ என்பது கடுகுரோகிணி, பத்தீஷ் அதிவிடயம். வசந்தத்தில் குச்சி என்ற காளான். 1886ல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி செய்த ஏற்பாட்டின்படி மேய்ச்சலுக்கும் மூலிகைக்கும் குடும்பம் குடும்பமாக உரிமை எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1999ல் பூங்கா என்று முடிவாக அறிவித்தபோது அந்த உரிமை போயிற்று. பட்டியலில் பேர் இருந்தவர்களுக்கு நஷ்டஈடு உண்டு.

"பூங்கா வந்தது நல்லதுதானே?" என்று கேட்டேன்.

"நல்லதுதான் பாபுஜி. ஜுஜுராணா பிழைச்சுது" என்றார். ஜுஜுராணா என்பது அவர்கள் ஊர்ப் பறவைகளின் ராஜா, ஃபெஸன்ட் ஜாதி. உலகத்துப் பறவைகள் எல்லாம் ஆளுக்கொரு இறகு கொடுத்து ஆண்டவன் அதை அலங்கரித்ததாகக் கதை. ஃபிர் மரமும் ஓக் மரமும் மலை மூங்கிலும் சேர்ந்திருந்தால்தான் அது தங்கும். ஒன்றை எடுத்துவிட்டால் போய்விடும். சித்திரை வைகாசியில்தான் கூவுமாம். நான் பார்க்கவில்லை.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா என் மகனுக்குப் பத்தீஷ் செடியைக் காட்டினா அடையாளம் தெரியாது. மேலே போய்ப் பார்த்தால்தானே தெரியும்?" என்றார். "வழிகாட்டியாக வர அவனுக்கு விருப்பம்தான். வர்றவங்க கேட்டால் என்ன பேர் சொல்லுவான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கட்டையைத் தள்ளி நெருப்பைக் கிளறினேன். தேவதாருக் கட்டை, எண்ணெய்ப் பசை சடசடவென்று வெடித்து வாசனை எழுந்தது. கீழே விழுந்து கிடக்கிறதைத்தான் எரிக்கலாம் என்று சட்டம் என்றார்.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் மருந்துக் கடைக்குப் போனேன். செட்டியார் இப்போது இல்லை, மகன் உட்கார்ந்திருக்கிறார். இழுப்பறைகள் அதே இழுப்பறைகள். பெயிண்ட் மட்டும் புதிது. தாளிசபத்திரி கேட்டேன். காகிதத்தில் கொட்டினார். ஒரு ஊசியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சருகாகிப் போனதில் அடியில் வெள்ளைக் கோடு இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

"என்ன சார் பார்க்கிறீங்க? நல்ல சரக்குதான்" என்றார்.

"இது எந்த மரத்து இலை?"

"அதெல்லாம் வடக்கே இருந்து வருது சார்."

கோஷ்டம் இருக்கிறதா என்று விசாரித்தேன். இருக்கிறது, ஆனால் தோட்டச் சரக்கு. லாஹுல் பக்கம் வயலில் பயிர் செய்கிறார்களாம். மலைச் சரக்கு தம் காலத்தில் பார்த்ததே இல்லை, அப்பா காலத்தில் வந்ததாகச் சொல்வார்கள் என்றார். ஐம்பது கிராம் கட்டச் சொல்லிவிட்டு, பழைய வழக்கப்படி, அவர் நிறுத்து முடிக்கிற வரையில் சுவரில் இருந்த பெயர்களைப் படித்துக்கொண்டு நின்றேன்.